ஒரு பக்கெட் வெந்நீருக்கு எவ்வளவு கரண்ட்?

வாசகர் கேள்விகளுக்குக் கடலூரிலிருந்து பதில்கள்

மார்கழி பிறந்தால் என் கடைக்கு வரும் வேலையே மாறிவிடும். ஃபேன் வருவது நின்று கீசர் வர ஆரம்பிக்கும். மஞ்சக்குப்பத்தில் கீசர், மோட்டார், குழாய் வேலை பார்ப்பவன் நான். இந்த மாதம் எனக்கு வந்த கடிதங்களில் முக்கால்வாசி குளியலறையைப் பற்றித்தான். அதனால் எல்லாவற்றையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன். ஒருவருக்குச் சொல்லும் கணக்கு அடுத்தவருக்கும் உதவும்.

கேள்வி: வீட்டில் நான்கு பேர். 25 லிட்டர் கீசர். மார்கழி, தை வந்தால் கரண்ட் பில் எகிறிவிடுகிறது. கீசர்தான் காரணம் என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். கொஞ்ச நேரம் போடுவதற்கு அது அப்படி என்ன இழுத்துவிடும்?
– வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: அவர் சொல்வது சரிதான் அம்மா. ஆனால் அதற்காகக் கீசரைக் கழற்றி வைக்க வேண்டாம். போடும் முறையை மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 1.16 வாட்‌-மணி மின்சாரம் வேண்டும். எந்தக் கம்பெனி கீசராக இருந்தாலும், எத்தனை நட்சத்திரம் போட்டிருந்தாலும் இது மாறாது. மார்கழிக் காலையில் நம் மாடி டேங்க் தண்ணீர் 25 டிகிரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 60 டிகிரிக்கு ஏற்றினால், 25 லிட்டர் கீசர் ஒரு தடவை முழுசாகச் சூடாக 1 யூனிட், அதாவது 1,000 வாட்-மணி, ஆகும். குளிக்க நமக்குத் தேவைப்படுவது 40 டிகிரிதான். 20 லிட்டர் பக்கெட்டை அந்தச் சூட்டுக்குக் கொண்டுவர கீசரிலிருந்து எட்டரை லிட்டர் பிடித்து, மீதிக்குப் பச்சைத் தண்ணீர் கலந்தால் போதும். அதாவது ஒரு பக்கெட் வெந்நீருக்கு ஏறக்குறைய 0.35 யூனிட். 25 லிட்டர் கீசர் ஒரு தடவை சூடானால் மூன்று பேர் குளிக்கலாம்.

உங்கள் வீட்டில் நடப்பது என்னவாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். முதல் ஆள் ஐந்தரைக்குக் குளிக்கிறார், அடுத்தவர் ஏழு மணிக்கு, பிள்ளைகள் ஆளுக்கொரு நேரம். ஸ்விட்ச் போட்டது போட்டபடி இருக்கிறது. கடைசி ஆள் குளித்து முடித்த பிறகும் கீசர் விடாமல் மறுபடி 25 லிட்டரையும் சூடாக்கி வைத்துவிடுகிறது. அந்தச் சூட்டை மறுநாள் காலை வரை யாரும் தொடப்போவதில்லை. அது உள்ளேயே ஆறிப்போகும். அப்படி ஆறுவதில் மட்டும் நாளைக்கு அரை யூனிட்டாவது போகும். பழைய கீசர் என்றால் இன்னும் கூடுதல்.

நான் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லும் முறை இதுதான். நால்வரும் அடுத்தடுத்துக் குளியுங்கள். முதல் ஆள் குளித்து வெளியே வந்ததும் பத்து நிமிடம் கழித்து ஸ்விட்சை அணைத்துவிடுங்கள். மீதி மூன்று பேருக்கும் உள்ளே இருப்பதே போதும். அணைத்தால் தண்ணீர் ஆறிவிடுமே என்று பயப்பட வேண்டாம். கீசரைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே இரண்டு குழாய் தெரியும். பச்சைத் தண்ணீர் நுழையும் குழாய் குட்டையாக அடியிலேயே முடியும். வெந்நீர் வெளியேறும் குழாய் நெட்டையாக மேல்முனை வரை ஏறி நிற்கும். வெந்நீர் லேசானது, மேலே நிற்கும். புதிதாக வரும் தண்ணீர் கனமானது, அடியில் தங்கும். அதனால் ஸ்விட்ச் அணைந்திருந்தாலும் உள்ளே இருக்கும் வெந்நீரில் பெரும்பகுதி சூடு குறையாமல்தான் வரும். கடைசியாகக் குளிப்பவர் மட்டும் பச்சைத் தண்ணீரைக் கொஞ்சம் குறைத்துக் கலக்க வேண்டியிருக்கும்.

நாளைக்கு அரை யூனிட், முக்கால் யூனிட் என்பது சின்னக் கணக்காகத் தெரியும். இரண்டு மாத பில்லில் அது 30 முதல் 45 யூனிட். உங்கள் வீட்டு ரீடிங் 500 யூனிட்டை ஒட்டி ஓடுகிறது என்றால் இது இன்னும் முக்கியம். 500-ஐத் தாண்டிவிட்டால், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குக் கிடைக்கும் குறைந்த விலையும் கையை விட்டுப் போய்விடும். கீசர் போடாத பங்குனி, சித்திரை பில்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள், எவ்வளவு வித்தியாசம் என்று தெரிந்துவிடும்.

கேள்வி: அண்ணா, நாங்கள் ஃபிளாட்டில் இருக்கிறோம். ஷவர்தான் பழக்கம். பக்கெட்டில் குளித்தால்தான் தண்ணீர் மிச்சம் என்று அம்மா வரும்போதெல்லாம் சண்டை. உண்மையா?
– வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: தம்பி, நான் பதில் சொல்வதைவிட உங்கள் பக்கெட்டே சொல்லட்டும். ஷவருக்கு அடியில் 20 லிட்டர் பக்கெட்டை வைத்து முழுசாகத் திறந்து விடுங்கள். எத்தனை நேரத்தில் நிரம்புகிறது என்று போனில் பாருங்கள். இரண்டு நிமிடத்தில் நிரம்பினால் உங்கள் ஷவர் நிமிடத்துக்கு 10 லிட்டர் கொட்டுகிறது. தலைக்கு மேல் தட்டு மாதிரி விரிந்திருக்கும் ஷவருக்கு பிரஷர் பம்ப்பும் வைத்திருந்தால் ஒன்றரை நிமிடம்கூட ஆகாது.

10 லிட்டர் ஷவரில் எட்டு நிமிடம் நின்றால் 80 லிட்டர். மார்கழியில் அதுவும் வெந்நீர் என்றால் ஏறக்குறைய 1.4 யூனிட். அம்மாவின் ஒரு பக்கெட் 0.35 யூனிட். நான்கு மடங்கு. கணக்கு அம்மா பக்கம்தான் நிற்கிறது.

அதற்காக ஷவரைக் கழற்றச் சொல்லமாட்டேன். நனைவதற்கு அரை நிமிடம், சோப்பு போடும்போது மூடிவிட வேண்டும், அலசுவதற்கு ஒன்றரை நிமிடம். இப்படிக் குளித்தால் ஷவரும் 20 லிட்டரில் முடியும். நிமிடத்துக்கு 6, 7 லிட்டர் மட்டும் விடும் ஷவர் தலைகள் கடைகளில் கிடைக்கின்றன. காற்றைக் கலந்து விடுவதால் தண்ணீர் குறைவாக வருவது உடம்புக்குத் தெரியாது. வாங்கும்போது பெட்டியில் லிட்டர் கணக்கு அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். அச்சாகாததை வாங்காதீர்கள்.

அம்மாவிடமும் ஒரு வார்த்தை. பக்கெட் வைத்துக் குளிக்கும் பல வீடுகளில் குழாயை மூடுவதே இல்லை. கீழே பக்கெட் நிரம்பி வழிந்துகொண்டிருக்கும், மேலே மக்கால் மொண்டு ஊற்றிக்கொண்டிருப்பார்கள். அந்தக் குளியல் ஷவரைவிட மோசம். பக்கெட் நிரம்பியதும் குழாயை மூடிவிட்டுக் குளிப்பதுதான் பக்கெட் குளியல்.

கேள்வி: இரண்டு வருடத்துக்குள் கீசர் காயில் இரண்டு தடவை போய்விட்டது. எங்கள் போர் தண்ணீர் உப்பு. கம்பெனியை மாற்றினால் சரியாகுமா?
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: கம்பெனியை மாற்றி என்ன செய்ய ஐயா, தண்ணீர் அதே தண்ணீர்தானே. நாம் ‘உப்பு’ என்று ஒரே பேரில் சொல்வது இரண்டு வேறு சங்கதி. ஒன்று சுண்ணாம்பு. தண்ணீர் சூடாகும்போது அது பிரிந்து காயில் மேல் படியும். இன்னொன்று கடல் உப்பு. அது படியாது, உலோகத்தை அரிக்கும். கடலோரத்தில் இருக்கும் உங்களுக்கு இரண்டுமே இருக்கக்கூடும்.

சுண்ணாம்பு படிந்த காயிலை நேரில் பார்த்தவர்களுக்கு மறக்காது. போன வாரம் ஒன்றைக் கழற்றினேன். ஃபிளாஞ்சின் நட்டுகளை எல்லாம் எடுத்த பிறகும் காயில் வெளியே வர மறுத்தது. அவ்வளவு தடித்திருந்தது. ஆட்டி ஆட்டி இழுத்ததும், காயிலைச் சுற்றி இருந்த வெள்ளைப் பக்கு சில்லுசில்லாக உடைந்து கொட்டியது. விரல் தடிமன் இருந்த காயில் முழங்கை தடிமனுக்கு ஊதியிருந்தது. டேங்க்கின் அடியில் ஒரு பிடி மணல் மாதிரி தேங்கிக் கிடந்தது. அந்தப் பக்குக்குள்ளே காயில் பழுக்கப் பழுக்கக் காய்கிறது, சூடு தண்ணீருக்குச் சீக்கிரம் போய்ச் சேருவதில்லை. ஒரு கட்டத்தில் காயில் தாங்காமல் வெடித்துவிடும். சூடாகும்போது கீசருக்குள் ‘கொரகொர’ என்று சத்தம் கேட்டால் பக்கு கட்டிவிட்டது என்று அர்த்தம்.

என்ன செய்யலாம்? முதலில் தெர்மோஸ்டாட்டை ரொம்ப உச்சத்தில் வைக்காதீர்கள். சூடு கூடக் கூடச் சுண்ணாம்பு அதிகமாகப் படியும். 60-ஐத் தாண்ட வேண்டியதே இல்லை. வெதுவெதுப்பான தண்ணீரை நாள் கணக்கில் உள்ளேயே தேக்கி வைத்துக் கிருமி வளர்க்காமல், சூடாக்கி உடனே பயன்படுத்திவிடுங்கள். இரண்டாவது, வருடம் ஒரு தடவை, ஐப்பசி வாக்கில், காயிலைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். அப்போதே உள்ளே இருக்கும் மக்னீசியம் கம்பியையும் பாருங்கள். டேங்க்குக்குப் பதிலாகத் தான் கரைந்துபோவதற்காகவே வைத்த கம்பி அது. கரைந்து நடுவில் இருக்கும் மெல்லிய கம்பி மட்டும் மிச்சமிருந்தால் மாற்றியாக வேண்டும். பல வீடுகளில் கீசர் வாங்கியது முதல் அதைத் தொட்டே இருக்கமாட்டார்கள். டேங்க் ஓட்டையானதும்தான் ஆள் தேடுவார்கள்.

மூன்றாவது கொஞ்சம் செலவு பிடிக்கும், ஆனால் உங்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர் வருகிறது என்றால் மாடியில் சின்ன டேங்க் ஒன்று தனியாக வைத்து, அதிலிருந்து கீசருக்கு மட்டும் லைன் எடுங்கள். போர் தண்ணீர் கழிப்பறைக்கும் தரை கழுவவும் போகட்டும்.

இன்னொன்று. கீசரின் சேஃப்டி வால்வில் சொட்டுகிறது என்று யாராவது அதை அடைத்துவைத்திருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். சூடாகும்போது தண்ணீர் விரியும், அதற்காகத்தான் சொட்டுகிறது. அதை அடைத்த கீசர் வெடிக்கும்.

கேள்வி: மாமியார் இன்னும் தோட்டத்தில் வெந்நீர்த் தவலையில்தான் தண்ணீர் காய்ச்சுகிறார். புகை தாங்கவில்லை. முந்திரி ஓடு நிறையக் கிடைப்பதால் அதையே போட்டு எரிக்கிறார். கீசர் வாங்கிவிடலாமா?
– வாசகி, பண்ருட்டி

பதில்: முந்திரி ஓட்டை மட்டும் முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். அந்த ஓட்டில் இருக்கும் எண்ணெய் தோலில் பட்டால் வெந்துபோகும் என்பது உங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. திறந்த அடுப்பில் போட்டால் அந்தக் காரம்தான் புகையோடு கண்ணுக்கும் நெஞ்சுக்கும் வருகிறது. அடுப்பு பற்றவைக்கப் பிளாஸ்டிக் கவர் போடுவதும் அதே அளவு கெடுதல்.

தவலையை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். தோட்டத்திலேயே தென்னை மட்டை, பாளை, சவுக்கு மிலாறு விழுகிறது, அதை எரித்துத் தண்ணீர் காய்கிறது என்றால் அதைவிடச் சிக்கனம் எது? விறகு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈர விறகு தன் ஈரத்தை ஓட்டவே பாதிச் சூட்டைத் தின்றுவிட்டு மீதியைப் புகையாக விடும். தவலைக்கு மூடி போடுங்கள். அடுப்பைச் சுற்றி மண் வைத்து மூடி, பின்பக்கம் புகை போக ஒரு குழாய் வையுங்கள். இவ்வளவு செய்தாலே விறகு எவ்வளவு குறைகிறது என்று மாமியாரே சொல்வார்.

2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கரை கடந்த பிறகு எங்கள் பக்கம் கரண்ட் வரவே நாள் கணக்கில் ஆனது. அப்போது தவலை இருந்த வீட்டில்தான் கைக்குழந்தைக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் வெந்நீர் கிடைத்தது. அக்கம்பக்கத்துக்காரர்கள் குடத்தோடு அங்கே போய் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பித்தளைத் தவலையைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.

காஸ் அடுப்பில் வைப்பவர்களுக்கும் இங்கேயே ஒரு கணக்கு. முழு பக்கெட்டையும் காய்ச்ச வேண்டாம். 4 லிட்டரை மூடி போட்டுக் கொதிக்கவைத்து, 16 லிட்டர் பச்சைத் தண்ணீரில் கலந்தால் சரியாக 40 டிகிரி வரும். பச்சைத் தண்ணீரை முதலில் பக்கெட்டில் ஊற்றிவிட்டு, அதன்மேல் கொதிநீரை ஊற்ற வேண்டும். இதற்கு 40 கிராமுக்குக் கொஞ்சம் கூடுதலாக காஸ் ஆகும். கொதிநீர்ப் பாத்திரத்தோடு சமையலறையிலிருந்து குளியலறைக்கு நடக்கும்போது குழந்தைகள் குறுக்கே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வாட்டர் ஹீட்டர் ராடு சிக்கனமா, கீசர் சிக்கனமா?
– வாசகர், வில்லியனூர்

பதில்: கரண்ட் மட்டும் பார்த்தால் ராடுதான். குளிக்கும் பக்கெட்டையே நேராகச் சூடாக்குகிறது. மீந்து ஆறிப்போவதற்கு ஒன்றுமில்லை, குழாயில் தேங்குவதும் இல்லை. 1500 வாட்ஸ் ராடு ஒரு பக்கெட்டைக் கால் மணி நேரத்துக்குள் தயார் செய்துவிடும்.

ஆனால் உயிரையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குளிர்காலத்திலும் ராடு வைத்த பக்கெட்டில் கை விட்டு யாராவது இறந்துபோகிறார்கள். சூடு பதம் பார்க்க விரலை விடும் பழக்கம் நம் எல்லோருக்கும் இருக்கிறது. ஸ்விட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கி, அதற்குப் பிறகுதான் தண்ணீரைத் தொட வேண்டும். அணைத்தோமே, போதாதா என்றால் போதாது. ஸ்விட்ச் நியூட்ரலில் மாட்டப்பட்டிருக்கும் பழைய வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அணைத்த பிறகும் அங்கே ராடில் கரண்ட் இருக்கும்.

இரும்பு, அலுமினிய பக்கெட் கூடவே கூடாது. பிளாஸ்டிக்கில் ராடு பக்கத்தையோ அடியையோ தொடாமல் குறுக்கே ஒரு மரக்கட்டையில் மாட்டுங்கள். ராடில் இருக்கும் கோடு வரை தண்ணீர் நிற்க வேண்டும். ஈரக் குளியலறைக்குள் வைக்காமல் வெளியே காய்ந்த இடத்தில் வையுங்கள். மூன்று முள் பிளக், ஒழுங்கான எர்த், மெயின் போர்டில் கரண்ட் கசிந்தால் தானே அணைந்துவிடும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஸ்விட்ச். இந்த மூன்றும் இல்லாத வீட்டில், குழந்தைகள் ஓடியாடும் வீட்டில், ராடு வேண்டாம். எர்த்தைச் சரிசெய்துவிட்டுச் சின்ன கீசர் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: வருடா வருடம் வெள்ளம் வந்து மிதக்கிறோம். போன வருடம்கூடத் தென்பெண்ணை தெருவுக்குள் வந்தது. எங்களைப் போய்த் தண்ணீரைச் சிக்கனம் செய்யச் சொல்கிறீர்களே!
– வாசகர், கடலூர்

பதில்: உங்கள் கோபம் புரிகிறது ஐயா. சேறு வாரிய கை எனக்கும் உண்டு. ஆனால் தெருவுக்குள் வந்த அந்தத் தண்ணீர் இப்போது எங்கே? தென்பெண்ணையும் கெடிலமும் கொண்டுவந்ததில் பெரும்பகுதி சில நாளில் கடலுக்குப் போய்விட்டது. சித்திரையில் நீங்களும் நானும் குளிப்பது நிலத்தடித் தண்ணீரில். அது தனிக் கணக்கு.

கடலோர ஊருக்கு மற்ற ஊர்களுக்கு இல்லாத ஒரு ஆபத்து இருக்கிறது. நம் காலுக்கு அடியில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீரின் மேல்தான் நிற்கிறது. உப்புத் தண்ணீர் கொஞ்சம் கனமானது என்பதால் அடியில் கிடக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் உயரத்துக்கு நல்ல தண்ணீர் நின்றால், அதன் பாரம் கீழே ஏறக்குறைய 40 மீட்டர் ஆழம் வரை உப்புத் தண்ணீரை அழுத்தி வைத்திருக்கும். இதையே திருப்பிப் பாருங்கள். எல்லோரும் மோட்டார் போட்டு இறைத்து மேலே 1 மீட்டர் இறங்கிவிட்டால், கீழே உப்பு 40 மீட்டர் ஏறிவர வழி கிடைக்கிறது. ஏறிய உப்பு ஒரு மழையில் இறங்கிவிடாது. கிணற்றில் ஒரு தடவை உப்பு ஏறிவிட்டால் அது திரும்ப நல்ல தண்ணீராக வருடங்கள் ஆகும். முதுநகர் வாசகரின் காயில் போவதை மேலே படித்தீர்கள் அல்லவா? அவர் வீட்டு ஆட்கள் மட்டும் இறைத்து வந்த உப்பு இல்லை அது.

புதுச்சேரி பாரதி பூங்காவுக்குப் போனால் நடுவில் வெள்ளையாக ஆயி மண்டபம் நிற்கும். மூன்றாம் நெப்போலியன் காலத்தில், முத்திரையர்பாளையத்திலிருந்து ஊருக்குள் நல்ல தண்ணீர் கொண்டுவந்ததன் நினைவாகக் கட்டியது. தன் வீட்டையே இடித்துவிட்டு அந்த இடத்தில் குளம் வெட்டிய ஆயி என்ற பெண்ணின் கதையை அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். கடலைப் பார்த்தபடி இருக்கும் ஊர், குடிக்கிற தண்ணீருக்கு மேற்கே போக வேண்டியிருந்தது. கடல் பக்கத்தில் இருக்கிறவர்களுக்குத்தான் நல்ல தண்ணீரின் அருமை முதலில் தெரிய வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

மழை மேல் கோபப்படுவதற்குப் பதில் அதைப் பிடித்து வையுங்கள். தமிழ்நாட்டில் 2003-லிருந்து எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். குழாய் இருக்கும், குழிதான் தூர்ந்துபோயிருக்கும். ஒரு சதுர மீட்டர் மாடியில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். நமக்கு ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. 1,000 சதுர அடி மாடி என்றால் 90,000 லிட்டருக்கு மேல். நான்கு பேர் ஆளுக்கு ஒரு பக்கெட் வீதம் வருடம் முழுக்கக் குளித்தால் ஆகும் தண்ணீர் 29,200 லிட்டர். மூன்று வருடக் குளியல் ஒரே வருடத்தில் மாடியிலிருந்து தெருவுக்கு ஓடுகிறது. அதைப் போருக்குப் பக்கத்தில் இறக்கினால் உப்பை அழுத்திப் பிடிக்கும் பாரம் கூடும். ஒரு டிரம்மில் கொஞ்சம் பிடித்து வலை கட்டி மூடி வைத்து, தலைக்குக் குளிக்கும் நாளில் எடுத்துப் பாருங்கள். உப்புத் தண்ணீரில் திரிதிரியாக ஒட்டும் முடி மழைத் தண்ணீரில் எப்படி இருக்கிறது என்று வீட்டுப் பெண்களே சொல்வார்கள்.

கேள்வி: புது வீடு கட்டுகிறோம். சோலார் வாட்டர் ஹீட்டர் போடலாமா? நானும் மனைவியும் மட்டும்தான்.
– வாசகர், ரெட்டியார்பாளையம், புதுச்சேரி

பதில்: இரண்டு பேருக்கு நம் ஊர் வெயிலில் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ஊட்டியாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு போடச் சொல்வேன். நமக்கு வெந்நீர் தேவைப்படுவது கார்த்திகையிலிருந்து மாசி வரை. சித்திரை, வைகாசியில் மாடி டேங்க் தண்ணீரே மதியத்துக்கு மேல் கையைச் சுடும். வருடத்தில் எட்டு மாதம் சும்மா காயும் கருவிக்கு, உப்புக் காற்றும் புயலும் வேறு. பெரிய குடும்பம், வயதானவர்களுக்கு வருடம் முழுக்க வெந்நீர் வேண்டும் என்றால் போடலாம்; போர் தண்ணீர் கடினமாக இருந்தால் அதன் குழாயிலும் சுண்ணாம்பு பிடிக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

கட்டும்போதே செய்ய வேண்டியது வேறு. கீசரைக் குளிக்கும் இடத்துக்கு எவ்வளவு பக்கத்தில் வைக்க முடியுமோ அவ்வளவு பக்கத்தில் வையுங்கள். முக்கால் இஞ்ச் குழாயில் மீட்டருக்குக் கால் லிட்டர் தண்ணீர் தேங்கி நிற்கும். 12 மீட்டர் தள்ளி வைத்தால், வெந்நீர் வருவதற்குள் 3 லிட்டர் பச்சைத் தண்ணீர் வீணாக ஓடும். குளித்து முடித்த பிறகு அதே 3 லிட்டர் வெந்நீர் குழாயிலேயே ஆறும். வெந்நீர் லைனுக்கு அரை இஞ்ச் போதும், மேலே பஞ்சுக் குழாய் சுற்றச் சொல்லுங்கள். இருவருக்கு 15 லிட்டர் கீசர் தாராளம். 25 வாங்காதீர்கள்.

அப்புறம், முடிந்தால் மார்கழியிலும் குளியலைச் சாயங்காலத்துக்கு மாற்றிப் பாருங்கள். பகல் முழுக்க வெயில் பட்ட டேங்க் தண்ணீர் ஐந்து மணிக்குக் குளிர் தெரியாமல் வெதுவெதுப்பாக இருக்கும். கீசர் பக்கமே போக வேண்டியிருக்காது.

கேள்வி: பச்சைத் தண்ணீரில் குளித்தால் சளி பிடிக்குமா?
– வாசகி, தவளக்குப்பம்

பதில்: சளி பிடிப்பது கிருமியால். தண்ணீர் குளிர்ச்சியாக இருப்பதால் இல்லை. இளைப்பு, இருதயத் தொந்தரவு உள்ள பெரியவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளட்டும். அவர்களுக்குத் திடீர்க் குளிர் ஆகாது. மற்றவர்கள் முதல் மக்கைக் காலில் ஊற்றி ஆரம்பித்தால் நாலாவது மக்கில் பழகிவிடும்.

கேள்வி: குளித்த தண்ணீரை வாழைக்கு விடலாமா? சோப்பு கெடுதல் என்கிறார்களே.
– வாசகர், பாகூர்

பதில்: தாராளமாக விடலாம். நம் பாட்டிமார் கிணற்றடிக்குப் பின்னால் வாழையும் கல்வாழையும் சேம்பும் வைத்தது அதற்குத்தானே. உடம்புக்குப் போடும் சோப்பு அளவுக்கு வாழை தாங்கும். துணி துவைத்த பவுடர் தண்ணீரில் உப்பு அதிகம், அதைத் தனியாக விடுங்கள். ஒரே மரத்தடியில் தேங்கவிடாமல் மாற்றி மாற்றிப் பாய்ச்சுங்கள். மழைக்காலத்தில் மண்ணில் சேர்ந்த உப்பெல்லாம் கழுவிப் போகும். பச்சையாகச் சாப்பிடும் கீரை, கொத்தமல்லிக்கு வேண்டாம். டிரம்மில் சேர்த்தும் வைக்காதீர்கள், ஒரே நாளில் நாறும், கொசுவும் வரும்.

கேள்வி: வெந்நீரைக் குறைக்கச் சொல்கிறீர்கள். மோட்டார் ஓடும் கரண்ட்டைப் பற்றி ஏன் ஒன்றும் சொல்வதில்லை?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: நல்ல கேள்வி. 100 அடி ஆழத்திலிருந்து 1,000 லிட்டர் டேங்க்கை நிரப்ப, வீட்டு மோட்டாருக்கு 0.3 யூனிட் போல ஆகும். ஒரே ஒரு பக்கெட் வெந்நீருக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை, மீட்டரைப் பார்த்த பிறகுதான் நம்புகிறார்கள். அதனால் கரண்ட் மிச்சம் வேண்டுமென்றால் வெந்நீரைக் கவனியுங்கள், தண்ணீர் மிச்சம் வேண்டுமென்றால் வழியும் டேங்க்கைக் கவனியுங்கள். மோட்டாரைப் போட்டுவிட்டுக் கடைக்குப் போகிற வீடுகளுக்கு மிதவை வைத்த ஆட்டோ ஸ்விட்ச் அவசியம்.

கேள்வி: குளியலறைக் குழாய் சொட்டிக்கொண்டே இருக்கிறது. பிளம்பர் வர ஒரு வாரம் ஆகும் என்கிறார். அதுவரை என்ன செய்வது?
– வாசகி, கடலூர்

பதில்: நொடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளைக்கு ஒரு பக்கெட் வரை கணக்கு வந்துவிடும். அடியில் பக்கெட் வையுங்கள், அதிலேயே குளிக்கலாம். சொட்டுவது வெந்நீர்க் குழாய் என்றால் கரண்ட்டும் சேர்ந்து சொட்டுகிறது. அதற்கு மட்டும், அந்தக் குழாய்க்குத் தண்ணீர் வரும் லைனில் இருக்கும் ‘ஆங்கிள் காக்’ வால்வை மூடி வையுங்கள், குளிக்கும்போது திறந்துகொள்ளலாம். திருகு குழாயாக இருந்தால் நீங்களே சரி செய்துவிடலாம். ஹார்டுவேர் கடையில் அரை இஞ்ச் வாசர் என்று கேளுங்கள், சில்லறைக் காசுதான். பழைய வாசரைக் கையோடு கொண்டுபோனால் அளவு தப்பாது. குழாயைக் கழற்றுவதற்கு முன்னால் மாடியில் கேட் வால்வை மூடி, குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடித்துவிடுங்கள்.